ஐந்தாம் நிலை

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, இரண்டாவது காபியோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிரபாகர், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த அமுதவல்லி அத்தையின் படத்தில் அவளுடைய இடது தோள் தெரிவதைக் கவனித்தான்.

கறுப்பு வெள்ளைப் படம். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்காக எண்பத்தொன்பதில் தர்மபுரி ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. ஒரு மர நாற்காலி, பிளாஸ்டிக் பூ செருகிய ஜாடி, பின்னால் திரையில் வரைந்த அருவி, நடுவில் இருபத்திரண்டு வயதில் அத்தை. கேமராக்காரர் சிரிக்கச் சொல்லியும் சிரிக்காமல், முந்தானையை முதுகுப்பக்கம் சுற்றி இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிரபாகர் பிறந்ததிலிருந்து பார்க்கிற படம் அது. இப்போது இடது தோளில் துணி விலகி, ரவிக்கைக் கையின் தையல் வரை தெரிந்தது.

ஈரம் குடித்திருக்கும், இல்லாவிட்டால் பூச்சி அரித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். படங்களைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும், பிழைப்பே அதுதான். பூச்சி அரித்தால் வெள்ளையாகத் திட்டு விழுமே தவிர, அடியிலிருந்து தையல் எழுந்து வராது என்பதும் தெரியும். தெரிந்ததை ஓரமாக வைத்துவிட்டுக் காபியைக் குடித்தான்.

பாப்பாரப்பட்டியில் அந்த வீட்டின் நடு அறைதான் அவனுடைய அலுவலகம். இணையம் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கிறது, ஏசியும் அங்கேதான் போட்டிருக்கிறான். சாமி மாடமும், அத்தையின் படமும், படத்துக்குக் கீழே பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டியும் அவன் வருவதற்கு முன்பிருந்தே அந்த அறையில் இருந்தன. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன அத்தைதான் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. ஒவ்வொரு ஆடியிலும் மூன்றாம் வெள்ளியன்று அவளுக்குப் புதுச்சேலை எடுத்துப் படைப்பார்கள். மற்ற வீடுகளில் படைத்த சேலையைப் பிறகு மருமகளோ மகளோ கட்டிக்கொள்வாள். இந்த வீட்டில் மட்டும் யாரும் தொட மாட்டார்கள். சேலை பெட்டிக்குள் போய்விடும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முப்பத்தைந்து சேலை, ஒன்றின் மேல் ஒன்றாக, வேப்பிலை வாசத்தோடு உள்ளே கிடந்தது. பிரபாகருக்கு இதெல்லாம் சிரிப்பு. பெட்டியின்மேல் பிரின்டரை வைத்திருந்தான்.

அவன் பார்க்கிற வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் ஒரு நிறுவனம், கடல்தாண்டிய இன்னொரு நிறுவனத்துக்காக டிராகனும் மாயக்கோட்டையும் நிறைந்த ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தது. அதில் பனிக்காட்டு அரசி என்று ஒருத்தி. ஆட்டக்காரன் அவளை வெட்டி வீழ்த்த வேண்டும். அவளை உருவாக்கும் பொறுப்பு பிரபாகருடையது. அதே விளையாட்டில் வரும் ஆண் வீரர்களுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை இரும்புக் கவசம் உண்டு. அந்த உலகத்தில் இரும்புக்குப் பஞ்சம் பெண்களுக்கு மட்டும்தான். கொட்டுகிற பனியில் அவள் நிற்பாள், உடம்பில் இருக்கும் இரும்பை உருக்கினால் ஒரு கரண்டி தேறாது. அதுவும் அடி விழ விழ ஐந்து நிலைகளில் கிழிந்து போகும். முதல் நிலையில் இடது தோள். இரண்டாவதில் இடுப்பு. மூன்றாவதிலிருந்து அவள் குரல் மாறும். ஐந்தாம் நிலையில் அவள் மண்டியிடுவாள், கேமரா அவளைச் சுற்றிப் பதினான்கு விநாடிக்கு ஒரு முழு வட்டம் வரும். பிறகு மூன்று விநாடியில் அவள் முழுசாக உயிர்த்தெழுவாள், அடுத்தவன் வந்து வெட்டுவதற்கு.

இதைப் பற்றி யாராவது முகம் சுளித்தால் பிரபாகரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "இது பேன்டஸிங்க. டிராகன் பறக்குது, அத யாராச்சும் கேக்கறீங்களா?" என்பான். சொல்லிவிட்டு, பெரிய நியாயத்தைச் சொல்லிவிட்டவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். மனைவி நிர்மலாவிடம் தன்னைக் கலைஞன் என்றே சொல்லிக்கொள்வான். அவள் ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு, சோற்றுத்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தட்டு வாசலுக்கு மட்டும்தான் வருகிறது.

முகம்தான் சிக்கலாக இருந்தது. வேறு எந்த விளையாட்டிலும் வராத, எங்கும் பார்த்திராத முகம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பத்து முகம் செய்து அனுப்பிப் பத்தும் திரும்பி வந்தன. பதினோராவது தடவை, சலிப்பில் தலையைத் தூக்கியபோது அத்தை கண்ணில் பட்டாள். சிரிக்காத முகம், நேர்ப் பார்வை. செத்தவளுக்கு யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. செல்போனில் படமெடுத்து, கணினியில் ஏற்றி, மூன்றே நாளில் அவளை அரசியாக்கினான். பெங்களூரில் கைதட்டினார்கள்.

முகத்துக்கு உரியவர் சம்மதித்ததாக ஒரு படிவம் கேட்டார்கள். அத்தையின் பள்ளிக்கூடச் சான்றிதழைத் தேடியெடுத்து, அதிலிருந்த கையெழுத்தைப் பார்த்துப் பழகி, அ. அமுதவல்லி என்று அவனே போட்டான். உயிருடன் இருக்கிறார் என்ற கட்டத்தில் ஒரு டிக். தற்போதைய முகவரி என்ற இடத்தில் தன் வீட்டு முகவரி. துணி கிழிகிற சத்தத்துக்கும் அவன் அலையவில்லை. பெட்டியைத் திறந்து மேலாக இருந்த சேலை ஒன்றை எடுத்து, மைக் முன்னால் பிடித்து, ஐந்து கிழி கிழித்துப் பதிவுசெய்துகொண்டு, மடித்து உள்ளேயே வைத்துவிட்டான். மரண அசைவுகளைத் தானே நடித்து வீடியோ எடுத்துக்கொண்டான். மண்டியிடுவது, முதுகு வளைவது, கை நழுவுவது எல்லாம் அவன் உடம்பு. பார்க்க வேண்டிய காட்சி அது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாமி மாடத்தின் முன்னால் முப்பத்தொரு வயது ஆம்பளை ஒருவன் நளினமாகச் சாகப் பழகிக்கொண்டிருந்தான்.

சோதனை ஆட்டம் திங்கட்கிழமை பத்தாயிரம் பேருக்குத் திறந்துவிடப்பட்டது. எத்தனை முறை அரசி வீழ்ந்தாள் என்று அவன் திரையின் மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். செவ்வாய் காலை அது நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அத்தையின் தோள் விலகியிருந்ததும் அந்தக் காலையில்தான்.

புதன்கிழமை மத்தியானம், சந்தைக்குப் போன அம்மாவும் நிர்மலாவும் இன்னும் திரும்பவில்லை, அப்பா கொல்லையில் கட்டிலில் படுத்திருந்தார், தெருவில் பழைய இரும்புக்காரனின் ஒலிபெருக்கி மெல்ல மெல்லத் தேய்ந்து போய், வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாக இழுத்துவைத்திருந்த அமைதியில், பிரின்டருக்கு அடியில் ஏதோ சர்ரென்று கிழிந்தது.

ஹெட்போனைக் கழற்றினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி ஒரு கிழிசல், அதே நீளம், முடிவில் நூல் பிரிகிற அதே சின்ன நொறுக்கல். எலிச் சத்தம் அவனுக்குத் தெரியும். இது அவன் பதிவுசெய்த சத்தம். மேசையில் ஸ்பீக்கர் அணைந்துதான் இருந்தது. திரையின் மூலையில் எண் ஒன்று கூடும்போதெல்லாம் பெட்டிக்குள் ஒரு கிழிசல் கேட்டது. வேப்பிலை வாசம் போய் அறையில் பாசி வாசம் அடித்தது, ஆள் இறங்காத கிணற்றில் அடிக்குமே அந்தப் பச்சை வாடை.

தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்தான். இடுப்பில் துணி இல்லை.

அவன் வரைந்த கிழிசல்தான். கோணம்கூட அதேதான், இரண்டாம் நிலை. அத்தை மட்டும் அதே மாதிரி, சிரிக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரபாகர் எழுந்துபோய்ப் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினான். அறையில் குளிர் அதிகம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஏசியைக் குறைத்தான்.

வியாழக்கிழமை காலை, மறுநாள் படையலுக்காக அம்மா பெரியம்மாள் பெட்டியைத் திறந்தாள். புது வேப்பிலை போட்டு இடம் ஒதுக்குவது அவள் வழக்கம். படம் ஏன் திரும்பியிருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, ஏசி ஈரம் படாமல் இருக்க என்று பிரபாகர் சொல்லிவைத்திருந்தான். பிரின்டரை அவளே தூக்கிக் கீழே வைத்துவிட்டு மூடியைத் தூக்கியவள், மேலாகக் கிடந்த சேலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்தாள். சுங்குடி, மெல்லிய வாயில் துணி, நூல்சேலை, பாலியெஸ்டர். எல்லாம் கிழிந்திருந்தன. பிரபாகர் கிழித்தது ஒன்றுதான். கிழிந்து கிடந்தவை முப்பத்தைந்து.

எலி வேலை என்றாள் அம்மா. நிர்மலா குனிந்து இரண்டு சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். கிழிசல்கள் பிசகாமல் பொருந்தின. எலி கடித்தால் இப்படி அளவெடுத்த மாதிரி இருக்காது என்று மெதுவாகச் சொன்னவள், பிரபாகரின் மேசையிலிருந்த மைக்கை ஒரு முறை பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

அப்பா மாது வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து, கிழிந்த சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்து மடியில் போட்டு, கிழிசலை விரல்களால் சேர்த்து வைத்துப் பார்த்தார். சேரவில்லை. அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து செத்தாள் என்றுதான் பிரபாகருக்குச் சொல்லியிருந்தார்கள். இப்போது அப்பா யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அவ வழுக்கி வுழல. ஏரியூர்க் காட்டுக் கெணத்துல எறங்கி நாந்தான் தூக்கினேன். மேல கொண்டாந்தப்ப அவ ஒடம்புல ஒரு துண்டுத் துணி இல்ல. ஊரே கெணத்த சுத்தி நின்னு பாத்துச்சு. ஒருத்தன் ஒரு துண்டக் குடுக்கல. என் வேட்டிய அவுத்துத்தான் சுத்தினேன்."

யார் செய்தது என்று நிர்மலா கேட்டாள். மூன்று பேர், எல்லாருக்கும் தெரியும், கேஸ் நிற்கவில்லை என்றார். அதில் ஒருவன் இன்னமும் வாரச்சந்தைக்கு வந்து காய்கறி வாங்கிப்போகிறான் என்றார். பிறகு சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"அன்னிக்கே அவகிட்டச் சொன்னேன். இனிமே நீ துணியில்லாம நிக்க மாட்டம்மான்னு."

ஊரே சுற்றி நின்று பார்த்தது என்று அப்பா சொன்னதும், பிரபாகரின் கண்ணுக்குள் கேமரா தானாகவே ஒரு வட்டம் போட்டது. பதினான்கு விநாடி. பன்னிரண்டாக வைத்திருந்ததை, அழகாக இருக்கிறது என்று பதினான்காக்கியவன் அவன்தான். அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தான். அந்த ஒரு கணம் வந்த வேகத்தில் போனது. அவனுக்கு நல்ல எண்ணங்கள் வரும், தங்குவதில்லை.

மாடிக்குப் போய் ஜாஸ்மினை அழைத்தான். பெங்களூர் அலுவலகத்தில் அவனுக்கு மேலே இருப்பவள், ஓசூர்க்காரி, கறாரானவள். அரசியின் முகத்தை மாற்ற முடியுமா என்று பொதுவாகக் கேட்டான்.

"முடியும் பிரபாகர். ஒரே ஒரு ஃபைல்தானே. நம்ம சிஸ்டம்ல இருக்கற பழைய முகம் ஒண்ண நீங்களே போட்டுடலாம். ஆனா நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க அப்ரூவ் பண்ணணும், பண்ணிட்டா லாக் ஆயிடும். அதுக்கப்பறம் யாராலயும் தொட முடியாது."

மாற்றினால் தனக்கு வரவேண்டிய டீம் லீட் பதவி என்ன ஆகும் என்று கேட்டான். எல்லாருக்கும் பிடித்ததே அந்த முகம்தான், அது இல்லையென்றால் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றாள். பிறகு அவள் குரல் மாறியது. ஏன் திடீரென்று கேட்கிறான், அந்தப் பெண்மணி ஏதாவது ஆட்சேபம் சொன்னாரா என்று விசாரித்தாள்.

"அந்த ஃபார்ம்ல கையெழுத்து அவங்களே போட்டதுதானே? உயிரோடதானே இருக்காங்க?"

"இருக்காங்க," என்றான் பிரபாகர். "எங்க வூட்லதான் இருக்காங்க."

போனை வைத்த பிறகுதான் கீழே, நடு அறையில், ஈரத் தரையில் வெறுங்கால் வைத்து யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். அப்பாவும் அம்மாவும் நிர்மலாவும் கொல்லையில் நின்றிருந்தார்கள்.

அன்று முழுக்க அவன் அந்த அறைக்குள் போகவில்லை. வெள்ளி காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போய், திருப்பி மாட்டிய படத்தை மறுபடி திருப்பினான். நாற்காலி இருந்தது. ஜாடி இருந்தது. திரையில் அருவி இருந்தது. நடுவில் யாருமில்லை. நாற்காலியின் உட்காரும் பலகை லேசாகப் பளபளத்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போனது போல.

படத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டிவரும்.

மாலை நாலரைக்குப் படையல். வெயில் இன்னும் இறங்கவில்லை, பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. தலைவாழை இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, கொழுக்கட்டை, முறுக்கு. புது முறத்தில் மஞ்சள், வளையல், பூ, அதற்கு மேல் அரக்கு நிறத்தில் முப்பத்தாறாவது சேலை. பிரபாகரின் மேசை ஓரமாகத் தள்ளப்பட்டு, லேப்டாப் மூடாமலேயே இருந்தது. அம்மாவுக்கு அதைத் தொடப் பயம். படத்துக்குப் பிரபாகரே மத்தியானம் பெரிய மாலை வாங்கிப் போட்டு மறைத்திருந்ததால் உள்ளே ஆளில்லை என்பது யார் கண்ணிலும் படவில்லை. கற்பூரம் காட்டி, எல்லாரும் வெளியே வந்து, அம்மா கதவைச் சாத்தினாள்.

அந்தக் கதவைச் சாத்தியபின் யாரும் உள்ளே போகக் கூடாது. பூவாடைக்காரி வந்து சேலையை உடுத்துகிற நேரம் அது. பத்து நிமிஷமோ அரைமணியோ ஆகும். பிறகு மூன்று தட்டுத் தட்டி, வரலாமா தாயே என்று கேட்டுத்தான் திறப்பார்கள். தனியாக இருக்கிற பெண் துணி மாற்றும்போது உள்ளே போகக் கூடாது என்பதற்குச் சாமி நம்பிக்கைகூடத் தேவையில்லை.

நாலு ஐம்பதுக்கு ஜாஸ்மினிடமிருந்து செய்தி வந்தது. இன்னும் அப்ரூவ் செய்யவில்லையே என்று கேட்டிருந்தாள். பிரபாகர் பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கமாகச் சுற்றி வந்தான். நடு அறைக்குப் பாத்ரூம் வழியாக ஒரு பின்கதவு உண்டு. நடந்துகொண்டே தனக்குள் பேசிக்கொண்டான். முகத்தை மாற்றத்தான் போகிறேன் என்றான். கதவில் கை வைத்தபோது, முதலில் அப்ரூவ் பண்ணிவிடுவோம், பதவி கைக்கு வந்ததும் அடுத்த அப்டேட்டில் சத்தமில்லாமல் முகத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றான். லாக் ஆனால் யாராலும் தொட முடியாது என்பது அவனுக்கு மறக்கவில்லை. அதை நினைக்காமல் இருந்துகொண்டான், அவ்வளவுதான். நாதாங்கியை மெல்ல நீக்கி உள்ளே நுழைந்தான்.

கற்பூரப் புகையோடு பாசி வாடை. ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில். இலையில் யாரும் கை வைக்கவில்லை. முறத்தில் வளையல் இருந்தது, பூ இருந்தது.

சேலை இல்லை.

தரையில் ஈரம். தகரப் பெட்டியிலிருந்து முறம் வரைக்கும் சின்னச் சின்னப் பாதங்கள். முறத்திலிருந்து மேசைக்குப் பின்பக்கம். அங்கே போய் நின்றுவிட்டிருந்தன.

அங்கே பார்க்கக் கூடாது என்று முடிவுசெய்தான். திரையை மட்டும் பார்த்தான். இரண்டு கட்டங்கள். முகத்தை மாற்று. ஒப்புதல் கொடு. மணி நாலு ஐம்பத்தேழு. மேசைக்குப் பின்னால் வளையல் இல்லாத கையொன்று துணியை உதறுகிற சத்தம். புதுச்சேலையின் கஞ்சி மொடமொடப்பு.

ஒப்புதலை அழுத்தினான்.

திரை கறுத்தது. பிறகு பனிக்காடு வந்தது. அரசி நிற்கிற இடத்தில் வேறு ஆள் நின்றான். நீலக் கட்டம்போட்ட சட்டை. மடித்துக் கட்டிய லுங்கி. சோடாபுட்டிக் கண்ணாடி. அவனேதான். பிரபாகர் கையைத் தூக்க நினைத்தான். திரையில் இருந்தவன் கை தூக்கவில்லை. பிரபாகரின் கையும் எழவில்லை.

மூலையில் எண் பூஜ்யமாக இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு எண். காத்திருப்போர் பத்தாயிரம்.

சர்ர்.

இடது தோள். சட்டை அவன் வரைந்த கோட்டிலேயே கிழிந்தது. அடியில் தோலும். வலி சூடாக வந்தது. அவன் வாயைத் திறந்து, "அம்மா" என்று கத்தினான். அந்த ஒன்று கேட்டிருக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

சர்ர்.

இடுப்பு. குளிர். பனி நிஜமாகவே கொட்டியது. மறுபடி கத்தினான். அதுவும் கொஞ்சம் கேட்டது.

சர்ர்.

மூன்றாவது. முழு மூச்சையும் கூட்டிக் கத்தினான். வெளியே வந்தது ஒரு மெல்லிய முனகல். மிருதுவானது. பெண் குரல். அவனே நூறு குரல் கேட்டுத் தேர்ந்தெடுத்தது. வலியில் கத்தினால் விளையாடுகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவன்தான் குறிப்பு எழுதியிருந்தான்.

நாலாவது.

ஐந்து.

முழங்கால் தானாக மடங்கியது. முதுகு அவன் நடித்துக் காட்டிய விதத்திலேயே வளைந்தது. கை நழுவியது. சுவர்கள் இல்லை. சுற்றிலும் வட்டமாகக் கல் விளிம்பு, அதன்மேல் நெருக்கியடித்துக்கொண்டு தலைகள். முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும். ஒருவரும் ஒரு துண்டைத் தூக்கிப் போடவில்லை. தலைகள் மெதுவாகச் சுற்றத் தொடங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. அவன் எண்ணினான். பதினான்கு வரை எண்ண வேண்டியிருந்தது.

பன்னிரண்டோடு விட்டிருக்கலாம்.

எண் ஒன்றானது. மூன்று விநாடி இருட்டு. நீலச் சட்டை முழுசாக வந்தது. தோலும் வந்தது. அவன் நின்றுகொண்டிருந்தான். காத்திருப்போரில் ஒருவர் குறைந்திருந்தார்.

கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. அப்பாவின் குரல், "வரலாமா தாயே?" என்றது.

வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தான். சர்ர். தோள்.

அப்போதுதான் ஓரக்கண்ணில் அவளைப் பார்த்தான். மேசைக்குப் பின்னால், ஜன்னல் வெளிச்சத்தில், அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். ஈரக் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. அரக்குச் சேலை முதுகைச் சுற்றி வந்து இரண்டு தோளையும் மூடியிருந்தது. தலை குனிந்து கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்பு, நீவி விட்டு இன்னொரு மடிப்பு. கொஞ்சம் கோணலாக வந்ததுபோல. எல்லாவற்றையும் உதறிவிட்டு, முதலிலிருந்து மறுபடி வைக்கத் தொடங்கினாள். அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சர்ர். மூன்றாவது. முனகல்.

கதவுக்கு வெளியே அம்மா காதை வைத்துக் கேட்டிருக்க வேண்டும். அவள் குரல் பக்கத்தில் கேட்டது, நிம்மதியோடு, மற்றவர்களை அடக்குகிற குரல்.

"பொம்பள சத்தம் கேக்குது. வந்துட்டா. இன்னும் உடுத்தி முடிக்கல போல, யாரும் அவசரப்படுத்தாதீங்க."